இஷ்யூலெஸ்

புதன்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. டியூஷன் பிள்ளைகள் ஒன்பது பேரும் ஓவென்று கத்தி அடங்கினார்கள். சுசித்ரா வெள்ளைப் பலகையில் கேர் என்று எழுதியிருந்தாள். இண்டூரில் மற்ற வீடுகளிலும் அந்த நேரத்துக்கு விளக்குகள் எரிந்தன.

“கேர்னா?”

“அக்கற, மிஸ்.”

“கேர்ஃபுல்?”

“அக்கறையா இருக்கறது.”

“கேர்லெஸ்?”

“ராஜா, மிஸ்,” என்றது பின்வரிசை.

சிரிப்பு. எட்டாம் வகுப்பு ராஜாவும் சிரித்தான். “எங்கப்பா என்னைய யூஸ்லெஸ்னுதான் கூப்புடுவாரு மிஸ். யூஸ்ஃபுல்னு எப்ப சொல்வாரு?”

“படிச்சாச் சொல்வாரு.”

“அப்பவும் சொல்ல மாட்டாரு மிஸ். அவுரப் பத்தி உங்களுக்குத் தெரியாது.”

வாசற்படியில் ஜானகியம்மாள் அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சுசித்ராவின் அம்மா. மாலையில் டியூஷன் நடக்கும்போது அவள் அங்கேதான் உட்காருவாள். கேட்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். முறத்திலிருந்து தலை நிமிராது.

சுசித்ரா எழுதிக்கொண்டே போனாள். ஃபுல் என்று முடிந்தால் நிறைந்தது. லெஸ் என்று முடிந்தால் இல்லாதது. முதல் பாதி அதேதான். வாலை மாற்றினால் பொருள் தலைகீழ்.

“ஹோம்லெஸ்னா வூடு இல்லாதவன்,” என்றான் ராஜா. “அப்ப வூடு இருக்கறவன் ஹோம்ஃபுல்லா மிஸ்?”

“அப்படி ஒரு சொல்லு கெடையாது.”

“ஏன் மிஸ்?”

அவள் சற்று யோசித்தாள். “இருக்கறவனுக்குத் தனியா பேரு தேவப்படல. இல்லாதவனுக்குத்தான் பேரு வெப்பாங்க.”

மூலையில் அவளுடைய மகள் தீர்த்தனா படம் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு. சுசித்ராவின் அப்பாவைப் பெற்றவள் பெயர் தீர்த்தம்மாள். அந்தப் பெயரின் வாலை வெட்டி வேறு வால் ஒட்டியது சுசித்ராதான்.

பிறகு நேற்றைய பாடத்தைக் கேட்டாள். எர் போட்டால் செய்கிறவன். ஈ போட்டால் வாங்கிக்கொள்கிறவன். எம்ப்ளாயர், எம்ப்ளாயீ. டிரெய்னர், டிரெய்னீ.

“அடிக்கறவரு பீட்டர்,” என்றான் ராஜா. “அடி வாங்கறவன் பீட்டீ.”

“பீட்டர் உடாதடா,” என்றது பின்வரிசை.

ஜானகியம்மாளின் போன் சத்தமிட்டது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டாள். அவளுக்கு எழுத்தாக வரும் செய்தி பிடிக்காது. குரலாக வந்தால் சத்தமாக வைத்துத்தான் கேட்பாள்.

“வணக்கங்க, சந்திரமோகன் பேசறேன். ஓசூர் எடத்துக்கு அனுப்புனதத்தான் உங்களுக்கும் போடறேன். கேட்டுக்கங்க. பொண்ணு பேரு சுசித்ரா. வயசு முப்பத்தொன்னு. எம்.ஏ., பி.எட். இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல டீச்சர். டைவர்சி, இஷ்யூலெஸ். நல்ல கலர். சொந்த வூடு, கெணத்து நெலம் உண்டு. நன்றிங்க.”

“மிஸ், இஷ்யூலெஸ்னா?” என்று ராஜா கேட்டான். பாடச் சந்தேகமாகத்தான் கேட்டான்.

“நாளைக்குப் பாக்கலாம். கௌம்புங்க.”

பிள்ளைகள் செருப்புகளைத் தேடினார்கள். ஜானகியம்மாள் அதே குரலை மறுபடி போட்டுக் கேட்டாள். நல்ல கலர் என்ற இடத்தில் அவள் முகம் மலர்ந்தது.

வாசல் காலியானதும் சுசித்ரா கேட்டாள். “அவருகிட்ட என்ன சொன்ன?”

“யாருகிட்ட?”

“புரோக்கருகிட்ட.”

“அவுரு கேட்டாரு, நான் சொன்னேன். இஷ்யூ இருக்கா இல்லையான்னாரு. ஒரு இஷ்யூவும் இல்லைங்க, கோர்ட்டு கேசெல்லாம் முடிஞ்சிருச்சு, அவன் இந்தப் பக்கம் தல வெக்கறதே இல்லன்னேன். சரிங்கம்மா, இஷ்யூலெஸ்னு போட்டுக்கறேன்னாரு. போட்டுக்கங்கன்னேன்.”

“இஷ்யூன்னா பிரச்சன இல்லம்மா. கொழந்த.”

ஜானகியம்மாளின் கை நின்றது. “கொழந்தைக்கா இஷ்யூம்பாங்க?”

“கல்யாணப் பேச்சுல அப்படித்தான்.”

“என்ன பாசையோ. நீங்கதான் டீவியிலயும் போன்லயும் இஷ்யூ இஷ்யூங்கறீங்க. எல்லாம் தகராறுன்னுதான் நெனச்சேன். எனக்கு என்ன தெரியும், மூணாவதோட நின்னவ.”

சுசித்ராவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. மூலையில் தீர்த்தனா ஒரு வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்பு பென்சில். சிரிப்பு நின்றுவிட்டது.

சந்திரமோகனை அழைத்தாள். அவர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். ஓரம் கட்டினார்.

“சொல்லுங்க மேடம்.”

“எனக்கு ஒரு பொண்ணு இருக்கு. ஏழு வயசு.”

ஒரு லாரி கடந்து போனது. “அம்மா இஷ்யூ இல்லன்னாங்களே.”

“அவங்களுக்கு அர்த்தம் தெரியல. மாத்திடுங்க.”

“மாத்தறதுன்னா, மேடம், அது எழுத்து மாத்தற வேல இல்ல. வித் இஷ்யூன்னு போட்டா வர்ற எடமே வேற. அம்பது வயசுக்காரன் வருவான், சக்கர நோயிக்காரன் வருவான். ஓசூருக்காரரு முப்பத்தேழு. கம்பெனியில சூப்பர்வைசரு. குடி இல்ல. இந்த மாதிரி எடம் எனக்கே வருசத்துல ஒன்னு ரெண்டுதான் வருது.”

“அவருக்கும் ஒரு பையன் இருக்கானே.”

“அது விடோவர் வித் இஷ்யூ. ஆம்பளைக்கு அது வேறங்க. மதர்லெஸ் பையன்னா கேக்கறவங்களுக்கே எரக்கம் வந்துருது.”

“எம் பொண்ணு ஃபாதர்லெஸ்தான்.”

“அப்பன் உசுரோட இருக்கானே மேடம்.”

அவள் வேறொன்றைச் சொன்னாள். “டைவர்சின்னும் போடாதீங்க. வழக்குப் போட்டது நான்.”

“அப்ப வேற என்னான்னு போடறது?”

டைவர்சியில் வருகிற ஈ வாங்கிக்கொள்கிறவருக்கு. கொடுத்தவளுக்கு ஒரு சொல் அகராதியில் இருக்கலாம். யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

“ஞாயித்துக்கெழம வரட்டும், பாக்கட்டும்,” என்றார் சந்திரமோகன். “புடிச்சுப்போச்சுன்னா அப்புறம் பேசிக்கலாம். நான் எத்தனையோ பாத்துட்டேன் மேடம். முன்னாடி சொன்னா வேண்டாம்பாங்க. பின்னாடி சொன்னா சரி ஆனது ஆச்சும்பாங்க. ஒரே விசயந்தான்.”

ஓசூர்க்காரர் பெயர் சிவக்குமார். அவர் இரண்டு முறை அவளை அழைத்துப் பேசியிருந்தார். இரண்டு முறையும் முதலில் கேட்டது, “சாப்ட்டீங்களா?” என்றுதான்.

மணவாழ்க்கை ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் அவளிடம் சொல்லப்பட்ட ஒவ்வொரு வினையும் டி என்று முடிந்தது. வாடி, எட்றி, வைடி, போடி. கடைசியில் போனாள். தீர்ப்பு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பள்ளியில் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அவளிடம் ங்க போட்டுத்தான் பேசினார்கள். ஆனால் அது மிஸ்ஸுக்குப் போடுகிற ங்க. சாப்பிட்டாயா என்பதற்கு ஓர் ஆள் அதைப் போட்டது இதுதான் முதல் தடவை. போனை வைத்தபின் அவள் அந்தச் சொல்லை மெதுவாக ஒருமுறை தனக்குச் சொல்லிப் பார்த்தாள்.

அதற்காக மட்டும் ஒருவருக்குக் கழுத்தை நீட்டலாமா என்றும் யோசித்தாள். நீட்டலாம் என்றே தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவர் அழைத்தார். பள்ளி விட்டு அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். தீர்த்தனா அவள் பக்கத்தில். பள்ளிக்குள்ளே அந்தப் பெண் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதி என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். கேட்டுக்கு வெளியே வந்ததும் அம்மா. முதல் வகுப்பில் சேர்ந்த புதிதில் இரண்டு முறை தடுமாறினாள். அதற்குப் பிறகு தவறியதே இல்லை.

“சாப்ட்டீங்களா?” என்றார் சிவக்குமார்.

“ஆச்சுங்க. நீங்க?”

“ஆச்சுங்க. பையன் உங்க போட்டோவ வெச்சுட்டுத் தர மாட்டேங்கறானுங்க. தூங்கறப்பவும் போன் வேணுங்கறான்.”

எனக்கு ஒரு பொண்ணு இருக்குதுங்க. அந்த வாக்கியம் இரண்டு நாளாக அவளிடம் தயாராக இருந்தது. அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. ரெண்டாம் வகுப்பு வாக்கியம்.

“உங்ககிட்ட ஒன்னு சொல்லணுங்க,” என்றாள்.

“சொல்லுங்க.”

அவர் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. நல்லதைக் கேட்கப்போகிறவரின் சிரிப்பு. தீர்த்தனா செருப்பால் ஒரு கல்லை உருட்டினாள். பஸ் வந்தது.

“நேர்ல சொல்றேங்க.”

“சரிங்க. ஞாயித்துக்கெழம வந்து கேட்டுக்கறேன்.”

சனிக்கிழமை சாயங்காலம் ஜானகியம்மாள் தீர்த்தனாவின் புதுச் சட்டையை எடுத்து வெளியே வைத்தாள்.

“இது எதுக்கு?”

“பக்கத்து வூட்டு நஞ்சம்மா நாளைக்குத் தீர்த்தமலைக்குப் போறா. இவளையும் கூட்டிட்டுப் போறேங்குறா. புள்ளையும் மல ஏறுன மாதிரி ஆச்சு.”

“நாளைக்கேவா?”

“நாளைக்குத்தான் போறா.”

“அவ எங்கயும் போக வேண்டாம். இங்கயே இருக்கட்டும். அவங்க வந்ததும் நான் சொல்லிடப்போறேன். தெரியாமச் சொன்ன வார்த்தைக்கு ஒன்னும் சொல்ல மாட்டாங்க. எங்கம்மாவுக்கு அர்த்தம் தெரியலன்னு சொன்னாப் புரிஞ்சுக்குவாரு.”

ஜானகியம்மாள் சட்டையை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள்.

“தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“இஷ்யூன்னா புள்ளன்னு சந்திரமோகன் சொன்னாரு. லெஸ்ஸ நீ சொல்லிக் குடுத்த. தெனமும் கத்தறியே. யூஸ்லெஸ், கேர்லெஸ், வூடு இல்லாதவன், வாசல் இல்லாதவன். ரெண்டையும் நானா ஒட்டிக்கிட்டேன்.”

சுசித்ரா அவளைப் பார்த்தாள்.

“மூணாவது படிச்சவளுக்கு அவ்வளவு கூட வராதா?” என்றாள் ஜானகியம்மாள். “பொய்யின்னு சொல்லாத. நானா ஒன்னும் சொல்லல. அவுரு கேட்டாரு, இல்லைங்கன்னேன். இல்லன்னு ஒரு சொல்லு. ஒங்கப்பன் போயி நான் தனியாக் கெடந்த கெட நீ கெடக்க வேண்டாம்னுதான் சொன்னேன். புள்ளைய எங்க தூக்கிப் போட்டுட்டேன்? எங்கிட்ட இருப்பா. தாலி ஏறட்டும். அப்புறம் நீயே மெதுவா சொல்லிக்க. நல்ல ஆளுங்கறியே. நல்ல ஆளுன்னா அப்பக் கூட்டிக்குவான்.”

“நல்ல ஆளுன்னா இப்பவே கூட்டிக்குவாரும்மா.”

“பந்தயம் கட்றியா?”

சுசித்ரா கட்டவில்லை. சட்டையை வாங்கி அலமாரியில் வைத்தாள். “அவ இங்கதான் இருப்பா.”

“சரி,” என்றாள் ஜானகியம்மாள். “இங்கயே இருக்கட்டும்.”

அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி என்றதில்லை. சுசித்ரா அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நால்வர் வந்தார்கள். சிவக்குமார், அவருடைய அம்மா ராமக்கா, நாலு வயதுப் பையன், சந்திரமோகன். பையன் காரிலேயே வாந்தி எடுத்திருந்தான். சிவக்குமாரின் சட்டையில் ஈரம் இருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. சுசித்ராவுக்கு அது பிடித்திருந்தது.

“ஓசூர் ரோடு இல்ல, இந்த ஊரு ரோடுதானுங்க ஆட்டிருச்சு,” என்றார் சந்திரமோகன். “பெண்ணாகரம் ரோட்டுல குழி இல்லாத எடம் கெடையாது.”

“பைய வந்துருக்கலாம்,” என்றாள் ராமக்கா, சந்திரமோகனைக் காட்டி. “இவுரு பின்னால உக்காந்துக்கிட்டு போ போன்னாரு.”

உட்கார்ந்தார்கள். ராமக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் வெள்ளைப் பலகை துணி போர்த்தி நின்றது. சுசித்ரா நாற்காலியின் நுனியில் இருந்தாள். வாக்கியம் தயாராக இருந்தது. தண்ணீர் குடிக்கட்டும், பிறகு சொல்லலாம். பையனுக்கு முகம் கழுவட்டும், பிறகு.

உள்ளேயிருந்து தீர்த்தனா வந்தாள். தட்டில் தண்ணீர் டம்ளர்கள். ஒன்றும் சிந்தவில்லை. தலை படிய வாரியிருந்தது. அதை வாரிவிட்டது சுசித்ரா அல்ல.

“பாப்பா யாருங்க?” என்றாள் ராமக்கா.

சுசித்ரா வாயைத் திறந்தாள். எனக்கு என்ற சொல் நாக்கில் வந்துவிட்டது.

தீர்த்தனா தட்டோடு அவள் பக்கம் திரும்பினாள். “அத்தை, காப்பிக்குச் சக்கர எவ்வளவுன்னு ஆயா கேக்குது.”

தடுமாறவில்லை. பள்ளியில் மிஸ் என்று கூப்பிடும் அதே குரல். தெளிவாக, கொஞ்சம் உரக்க.

இப்போது சொன்னால் அந்தப் பெண் பொய் சொன்னவள் ஆவாள். இத்தனை பேர் முன்னால், தட்டோடு நிற்கும்போது. சுசித்ரா அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அவள் வேறொன்றையும் நினைத்தாள். சிவக்குமார் ஈரச் சட்டையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு ஸ்பூன்,” என்றாள்.

ஜானகியம்மாள் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். “எம் பையன் கோகுல்ராஜோட புள்ளைங்க. அவிங்க ரெண்டு பேரும் பெங்களூர்ல வேல. இங்க எங்கிட்ட உட்டுப் படிக்க வெச்சிருக்காங்க.”

“நல்ல வேல பண்ணாங்க,” என்றாள் ராமக்கா. “அங்க வெச்சுப் படிக்க வெக்க நம்மால ஆகுங்களா?”

சந்திரமோகன் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார்.

சிவக்குமார் தீர்த்தனாவிடம் குனிந்தார். “என்ன படிக்கிறீங்க?”

ஏழு வயதுப் பெண்ணுக்கும் அவர் ங்க போட்டார்.

“ரெண்டாவதுங்க.”

“அத்தை ஸ்கூல்லயேவா?”

“ஆமாங்க. ஸ்கூல்ல மிஸ்ஸுங்க. இங்கதான் அத்தை.”

அவர் சிரித்தார். “எங்களவிட வெவரமா இருக்கீங்க.” பிறகு ஜானகியம்மாளைப் பார்த்து, “நல்லா வளத்திருக்கீங்கம்மா,” என்றார்.

காப்பி வந்தது. பேச்சு வந்தது. தையில் வைத்துக்கொள்ளலாம் என்றாள் ராமக்கா. மண்டபம் வேண்டாம், கோயிலில் போதும் என்றார் சிவக்குமார். நடுவில் ஒருமுறை அவர் குரலைத் தணித்து, “நேர்ல ஏதோ சொல்றேன்னீங்க,” என்றார்.

“ஒன்னுமில்லீங்க,” என்றாள் சுசித்ரா. “பையன் போட்டோ இன்னொன்னு வேணும்னு கேக்கலாம்னு.”

அவர் முகம் மாறியது. கண் கலங்கிய மாதிரி இருந்தது. பையனை இறக்கி அவள் பக்கம் அனுப்பினார்.

பையன் பாதி வழியில் நின்றான். ராமக்கா பின்னாலிருந்து தள்ளினாள். “போடா கண்ணு. போட்டோவுல பாத்தியே, அவுங்கதான். அம்மான்னு கூப்புடு.”

பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

“கூப்புட்றா. அம்மான்னு சொல்லு.”

“அம்மா,” என்றான் பையன்.

சுசித்ராவின் கை தானாக நீண்டு அவன் தலையைத் தொட்டது. பழக்கம். சுவரோரம் தீர்த்தனா காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தாமல் பார்த்தாள்.

கார் திரும்பும்போது சந்திரமோகன் ஜன்னலை இறக்கினார். “அருமையா முடிஞ்சுதுங்கம்மா. ஒரு இஷ்யூவும் இல்ல.” எந்தப் பொருளில் சொன்னார் என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

ஜானகியம்மாள் வாசலில் நின்று கார் போகும்வரை பார்த்தாள். உள்ளே வந்து தீர்த்தனாவின் கன்னத்தை வழித்து தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

சுசித்ரா பலகையின் துணியை எடுத்தாள். புதன்கிழமைக்குப் பிறகு அவள் டியூஷன் எடுக்கவில்லை; அன்றைய சொற்கள் அப்படியே இருந்தன. டஸ்டரை எடுத்து அழிக்கத் தொடங்கினாள். மை காய்ந்துவிட்டிருந்தது. லெஸ் போகவில்லை. எச்சில் தொட்டு விரலால் தேய்த்தாள்.

தீர்த்தனா வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

“கரெக்டா சொன்னனா?”

“ம்.”

“ஆயா ரெண்டு நாளா சொல்லிக் குடுத்துச்சு. ஸ்கூல்ல மிஸ்னு கூப்புடறல்ல, அது மாதிரிதான்னு சொல்லுச்சு. மாத்திச் சொன்னா நீ அழுவன்னு சொல்லுச்சு.”

சுசித்ராவின் விரல் கறுப்பாகியிருந்தது. அதைச் சேலையில் துடைத்தாள்.

“அந்தப் பையன் உன்ன அம்மான்னு சொல்றான்,” என்றாள் தீர்த்தனா. கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போடுகிறவளைப் போல நெற்றியைச் சுருக்கினாள். “நான் ஸ்கூல்ல மிஸ்ங்கணும். அவுங்க வந்தா அத்தைங்கணும். அப்ப நான் அம்மான்னு எங்க வெச்சும்மா கூப்புடறது?”